ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்: எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் புற்றுநோய்களில் மல்டிபிள் மயலோமா, வேறு நோய்களின் பெயரில் மாதக்கணக்கில் மறைந்திருக்கக்கூடியது. அதன் அறிகுறிகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டால், 60 வயதைக் கடந்த எவருக்கும் வரக்கூடியவையாகவே தோன்றும். முதுகுவலிக்கு எலும்பு மருத்துவரிடமும், சோர்வுக்குப் பொது மருத்துவரிடமும், இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு உயர்ந்தால் சிறுநீரக மருத்துவரிடமும் செல்கிறோம். மூன்று சீட்டுகளையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை. என் பெரியப்பாவுக்கு இந்நோய் உறுதியான பிறகு, அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு இது தெளிவாகப் புரிந்தது.

கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, ஒரே வகையான, பயனற்ற புரதத்தை மிகுதியாக வெளியிடுவதே இந்நோய். அச்செல்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிட்டு, எலும்பைக் கட்டும் செல்களை அடக்கிவிடுகின்றன. ஆகவே முதுகு, இடுப்பு, விலா ஆகிய இடங்களில் தொடர்ச்சியான வலி ஏற்படுகிறது. அசையும்போது கூடுவதும், அசையாமல் படுத்திருந்தால் தணிவதும் இவ்வலியின் இயல்பு என்பதால், தசைப்பிடிப்பு என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். வாரங்கள் கடந்தும் குறையாத வலி, இருமியதற்கே முறிந்த விலா எலும்பு, முள்ளெலும்பு நசுங்கியதால் குறைந்த உயரம் ஆகியவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எலும்பின் தாதுப் பொருளில் சுமார் 30 விழுக்காடாவது குறைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

மஜ்ஜையின் இடம் பறிபோவதால் ஹீமோகுளோபின் குறைந்து, படியேறினாலே மூச்சு வாங்கும். பயனுள்ள எதிர்ப்புரதங்கள் குறைவதால் நிமோனியா போன்ற தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். கரைந்த எலும்பின் கால்சியம் இரத்தத்தில் சேரும்போது தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், முற்றிய நிலையில் மனக்குழப்பம் ஆகியவை தோன்றுகின்றன. (ஈறுகளில் இரத்தக்கசிவு, காரணமற்ற கன்றல்கள், விடாத காய்ச்சல் ஆகியவை முன்னிற்குமானால் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும், அது வேறு நோய்.)

சிறுநீரகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நோய்ப் புரதத்தின் சிறு துண்டுகள் (லைட் செயின்) சிறுநீரக நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கின்றன. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டை பெரும்பாலும் அல்புமின் என்ற புரதத்தை மட்டுமே காட்டும் என்பதால், இத்துண்டுகள் அதில் அகப்படாமல் போகலாம். இந்த நிலையில், முதுகுவலிக்கென்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கித் தொடர்ந்து விழுங்குவது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கிறது. நோய் அடையாளம் காணப்படாத காலத்தில் நிகழும் தீங்குகளில் இதையே நான் மிகவும் வருந்தத்தக்கதாகக் கருதுகிறேன், ஏனெனில் இது தவிர்க்கக்கூடியது.

வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கவனிக்க வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. மொத்தப் புரதம் கூடி, அல்புமின் இயல்பாகவோ குறைவாகவோ இருந்தால், எஞ்சிய குளோபுலின் ஏன் உயர்ந்தது என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. தொற்றாலும் கல்லீரல் நோயாலும் அது உயரலாம். ஆயினும் அதனுடன் இரத்தசோகையும் எலும்பு வலியும் சேர்ந்திருந்தால், இரத்தப் புரதங்களை வகை பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் பரிசோதனையையும் லைட் செயின் அளவையும் தள்ளிப்போடக் கூடாது. நோயை உறுதிசெய்ய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து ஆராய்வார்கள்.

இவ்வளவும் சில நாட்களில் ஏற்பாடு செய்துகொள்ளக்கூடியவை. ஆனால் முதுகுவலியுடன் கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனாலோ, தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருளாகலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.