அப்பாவின் முகம்: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவைச் சேர்க்கக் கேட்டிருந்த முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு இல்லை. அவரை வரையும் படத்தில் இடது கன்னத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

88 வயதுத் தோலுக்கு ஒரே நிறம் என்று எதைச் சொல்வது? கன்னத்தெலும்பின் மேல் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு. கண்ணுக்குக் கீழே ஊதா. ஊசி போட்ட முன்கையில் ரத்தம் கட்டிக் கத்தரிக்காய்த் தோல் போல இருக்கிறது. நெற்றியோரம் ஒரு பச்சை ஓடுகிறது, காலை வெளிச்சத்தில் மட்டும். அந்தப் பச்சையை விட எனக்கு மனமில்லை. 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறத்தைப் பூசிவிட்டுத்தான் மேலே இளஞ்சிவப்பை ஏற்றுவார்கள். பல படங்களில் மேல்பூச்சு தேய்ந்து இன்று பச்சை முகங்களாக நிற்கின்றன. அப்பாவுக்கும் இப்போது மேல்பூச்சு தேய்கிறது. பச்சையைத் தாராளமாக வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் பெர்த்திலிருந்து கூப்பிட்டான். படத்தை அனுப்பியிருந்தேன். “ஏன் இப்படி வரையிற? நல்லா இருந்தப்ப எடுத்த போட்டோதான் இருக்கே” என்றான். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது.

நன்றாக இருந்தபோது என்றால் எப்போது? இன்று காலை ஜன்னல் பக்கம் திரும்பி மைனாவைப் பார்த்துச் சிரித்தாரே, அப்போது நன்றாக இல்லையா? டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தான் இறந்த 1669ஆம் ஆண்டில், 63 வயதில், தன்னை வரைந்தார். தொங்கிய கன்னம், உப்பிய மூக்கு, எதையும் சரிசெய்யவில்லை. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்தப் படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, முதலில் கையில் தூரிகை இருந்தது தெரிந்தது. பிறகு அதை மறைத்து, கைகளைக் கோத்து வைத்திருக்கிறார். முகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையைத்தான் மாற்றியிருக்கிறார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

படத்தில் அப்பாவின் கை சரியாக வரவில்லை.

செம்பவாங் கப்பல்தளத்தில் பெயிண்ட் அடித்த கை அது. வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1968இல் தளம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்த பிறகும் அங்கேதான். துருவைச் சுரண்டு, சிவப்பு ஈயம் பூசு, காயவிடு, அப்புறம்தான் மேல் கோட்டு. “சுரண்டாம பூசினா உரிஞ்சிடும் பாப்பா” என்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்குக்கூடச் சொல்வார்.

சாயங்காலம் ஆறு மணியானால் அந்தக் கை போர்வையின் மேல் போய்ப்போய் வருகிறது. மேலிருந்து கீழே, பிறகு ஒரு சாண் தள்ளி, மறுபடி மேலிருந்து கீழே. பொழுது சாயும்போது மறதி நோய் உள்ளவர்களுக்கு இப்படித் தவிப்பு கூடும் என்று தாதி சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் பார்ப்பது ஒழுங்காக, இடைவெளி விடாமல் பூசிக்கொண்டு போகும் ஒரு கையை.

அசையாத கையாக வரைந்தால் அது வேறு யாருடைய கையோ ஆகிவிடுகிறது. மூன்று நிலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப் போகிறேன். மூன்று கையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியைக் கொண்டுவந்து தந்தார். பல்செட் இல்லாமல் அப்பா சாப்பிட்டார். உதடு இரண்டும் உள்ளே மடிந்து, தாடை மூக்கு வரைக்கும் ஏறி இறங்குகிறது. ஸ்பானிய ஓவியர் கோயா 70 வயது தாண்டி, காது சுத்தமாகக் கேட்காமல், மாட்ரிட்டுக்கு வெளியே தன் வீட்டுச் சுவரில் கஞ்சி குடிக்கும் இரண்டு கிழடுகளை வரைந்தார். பார்ப்பவர்கள் பயங்கரம் என்கிறார்கள். அந்தக் கரண்டியைப் பாருங்கள், அதில் இருப்பது ஆசை. அப்பா கிண்ணத்தை நீட்டி “இன்னும்” என்றார்.

வாயைத் திறந்தே வரையப் போகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

மழை. வெள்ளை காயவே இல்லை. எண்ணெய் வண்ணம் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் இறுகிவிடுகிறது, டைட்டேனியம் வெள்ளை இழுத்தடிக்கிறது. நிழலெல்லாம் காய்ந்து வெளிச்சம் மட்டும் ஈரமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

இல்லத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். திங்கள் காலை பத்து மணி. சட்டைக் காலரில் எல்லாம் பெயர் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

மார்ச் 13, வெள்ளி

தூங்கவில்லை. அவரும் தூங்கவில்லை. மூன்று மணிக்கு “ஷிப்டுக்கு நேரமாச்சா?” என்று கேட்டார். இன்னும் இல்லைப்பா என்றேன்.

வான்கோ 1890இல் வரைந்த கிழவர் நாற்காலியில் குனிந்து, இரண்டு முஷ்டியாலும் முகத்தை மறைத்துக்கொள்வார். எல்லோருக்கும் பிடித்த முதுமை அதுதான், முகம் காட்டாத முதுமை. எனக்கு வேண்டியவர் நார்வே ஓவியர் மூங்க். கடைசி வருடங்களில் தன்னையே வரைந்தார்: ஒரு பக்கம் முள்ளில்லாத கடிகாரம், மறுபக்கம் கட்டில், நடுவில் நேராக நிற்கிறார். கை இரண்டும் தொங்குகிறது, ஆனால் நிற்கிறார்! அப்பாவால் நிற்க முடியாது. முகம் நிற்கிறது.

மார்ச் 14, சனி

பெயர் எழுதினேன். வெள்ளைச் சட்டைகளில் மை ஊறிப் பரவுகிறது.

மார்ச் 15, ஞாயிறு

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். யார் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“அடியில துரு எடுத்தியா?”

எடுத்தேன்பா.

“இங்க பத்தல” என்று காதைக் காட்டினார். உண்மைதான், அங்கே துணியே தெரிகிறது. எத்தனையோ தடவை பார்த்தும் என் கண்ணில் படவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சியென்னாவைக் குழைத்துக் கெட்டியாக ஏற்றினேன். “போதும், வழியும்” என்றார். நிறுத்தினேன்.

வண்டி ஒன்பதரைக்கு வருகிறது. சக்கர நாற்காலியை மடக்காமல் ஏற்ற முடியுமா என்று இன்றே கேட்டு வைக்க வேண்டும்.