மாரிக் காலையில் எழும்பாத இன்வேட்டர்

மட்டக்களப்புக் கரையில், கல்லடியிலோ காத்தான்குடியிலோ கூரையில் சோலர் போடப் போகும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, “தம்பி, என்ன பிராண்ட் பனல்?” என்றுதான். ஐந்து கிலோவாற்றுக்கு 550 வாற் பனல் ஒன்பது போதும். நல்ல பனல் இருபது வருசம் தாண்டியும் உழைக்கும். இந்தக் கரையில் வில்லங்கம் போல்ட்டிலும் கேபிள்களைப் பூட்டும் கனெக்டரிலும்தான் தொடங்குகிறது. விலைச்சீட்டில் அவற்றைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரம் துருவேறும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 304 கடலோரத்தில் கறை பிடிக்கும். அலுமினியச் சட்டத்தை வெறும் இரும்போடு முட்டவிட்டால், உப்பீரத்தில் அரிக்கப்படுவது அலுமினியம்தான். போல்ட் கூரைச் சீற்றை மட்டும் பிடித்து நின்றால் போதாது, கைமரத்தில் இறங்கவேண்டும். 1978 சூறாவளியைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒன்பது பனலைத் தொடராக இணைத்தால் 450 வோல்ற் அளவில் நேர்மின்சாரம் (டீசி) வரும். வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால், கழற்றும்போது கிளம்பும் மின்பொறி தானே அணையும். நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளி கிடையாது, பொறி நின்று எரியும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைக் கழற்றவே கூடாது: முதலில் இன்வேட்டரை (டீசியை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) நிறுத்தவேண்டும், பிறகு டீசி ஐசொலேற்றரை (பனல் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில்தான் கனெக்டர். வேறுவேறு கம்பனிக் கனெக்டர்களும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். உள்ளே பிடிப்புச் சரியில்லாவிட்டால் சூடேறி பிளாஸ்டிக் உருகும். குறட்டால் நெரித்த கேபிள் முனையும் அப்படித்தான். அதற்கென்று கிரிம்பிங் கருவி இருக்கிறது.

மழை விட்ட காலையில் இன்வேட்டர் ‘ஐசொலேஷன்’ பிழை, அதாவது எங்கோ கரண்ட் நிலத்துக்குக் கசிகிறது என்று காட்டி நிற்கும். பத்து மணி வெயிலில் தானாக எழும்பும். உடனே இன்வேட்டரை மாற்றுவார்கள். அடுத்த மழைக்கு அதே கதை. பீலித் தண்ணீரில் கிடக்கும் கனெக்டரையோ, சீற் விளிம்பு உரசித் தோல் போன கேபிளையோ தேடுங்கள். ஈரம் காயமுன் மெகர் (கேபிளின் காப்பை அளக்கும் கருவி) வைத்தால்தான் பிடிபடும். கேபிளைத் தரையில் விடாமல் சட்டத்தோடு கட்டியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

எர்த்தின் தடையை மாரியில் அளந்து திருப்திப்படவேண்டாம். மணல் நிலம், கச்சான் அடிக்கும் மாதங்களில் காய்ந்து தடை ஏறும். அப்போது அளப்பதுதான் உண்மையான கணக்கு.

பற்றரி இல்லாத தொகுதி, வெளியிலிருந்து வரும் லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்காகத்தான். இதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் முதல் மின்வெட்டன்றே போன் அடிக்கும்.