கோடிப்புறத்துக் குப்பையும் சில காசும்

பெப்ரவரி 3, 2024, சனி

வளவின் பின்பக்கக் கோடிப்புறத்தில் கழிவறைக்குக் குழி வெட்டத் தொடங்கியாயிற்று. மேசன் வர இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கூலிக்கு இரண்டு பேரைப் பிடித்தால் ஒரே நாளில் வெட்டி முடித்துவிடுவார்கள். நான்தான் மறித்தேன். இது அம்மம்மாவின் அம்மா காலத்துக் குப்பைக் கிடங்கு. அரிக்காமல் இந்த மண்ணைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் போருக்குள் விட்டுப் போன வளவு. திரும்பக் கையில் கிடைத்தபோது வீடு இல்லை; கிணறும் இரண்டு பனையும் நின்றன. கண்ணிவெடிக் குழு பார்த்து முடித்துத் தந்த காணிதான். ஆனாலும் முதல் ஒரு அடிக்கு மண்வெட்டி போடாமல், சின்னக் கரண்டியால் பக்கவாட்டில் சுரண்டித்தான் எடுத்தேன். முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையில் எட்டு வருடம் குந்தியிருந்து பழகிய கை இது.

இன்று கிடைத்தவை: சோடா மூடி ஒரு சிரட்டை நிறைய, மீன் பேணி, கூரை ஆணி, தகரத் துண்டு, துப்பாக்கிச் சன்னம். காசு ஒன்றே ஒன்று. 1978ஆம் ஆண்டு அலுமினிய ஐந்து சதம், சதுரக் காசு. பாரமே இல்லை. பெரியம்மா வாங்கிப் பார்த்து, "இதுக்கு அப்ப டொபி வாங்கலாம் தம்பி" என்றார்.

பெப்ரவரி 4, ஞாயிறு

தம்பியின் மகன் கேட்டான்: "பெரியப்பா, டிடெக்டர் ஒண்டு இருந்தா ஒரு மணித்தியாலத்தில முடியாதோ?"

முதலாவது, உலோகம் தேடும் அந்தக் கருவியை அனுமதியில்லாமல் வைத்துப் பழம்பொருள் தேடினால் வழக்குத்தான். புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. இரண்டாவது, குப்பை மண்ணில் அது அவன் நினைக்கிற மாதிரி உதவாது. டிடெக்டரின் சுருளில் மின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் காந்தப்புலம் இறங்கும். அங்கே உலோகம் கிடந்தால் அதற்குள்ளும் சின்ன மின்னோட்டம் எழும்பிப் பதில் கொடுக்கும். செம்பின் பதில் ஒரு மாதிரி, இரும்பின் பதில் வேறு மாதிரி. வெளிநாடுகளில் காசு தேடுகிறவர்கள் பலர் இரும்புச் சத்தத்தை அடைத்துவிட்டு நடப்பார்கள். வெறும் வயலில் அது சரி. இங்கே ஒரு சாண் மண்ணுக்குள் பத்து ஆணி கிடக்கிறது. பக்கத்தில் கிடக்கும் காசின் பதிலை ஆணி விழுங்கிவிடும். இரும்பை அடைத்தால் காசும் சேர்ந்து அடைபட்டுப் போகும். அலுமினிய மூடியும் கசங்கிய அலுமினியத் தாளும் காசு மாதிரியே கத்தும். சுருள் சின்னதாக இருந்து, கையும் மெதுவாகப் போனால்தான் ஓரளவுக்குப் பிரித்தறியலாம். அதோடு எங்கள் செம்மண் சிவந்ததே இரும்பு ஒட்சைட்டால்தான். கருவியை முதலில் மண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்யாவிட்டால் வெறும் மண்ணுக்கே கத்திக்கொண்டிருக்கும்.

மிதிவெடி வேலையில் எந்தச் சத்தத்தையும் அடைக்க விடமாட்டார்கள். ஆணி என்று மனம் சொன்னாலும் திறந்து பார்த்தே ஆகவேண்டும். அந்த ஒழுங்குதான் இந்தக் குழிக்கும் சரி. டிடெக்டருக்குப் பதிலாக ஓர் அரிதட்டும், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமும் வைத்திருக்கிறேன். கடகத்தில் மண் வந்ததும் முதலில் காந்தத்தால் இரும்பை இழுத்தெடுத்துவிட்டு, பிறகு அரிக்கிறேன்.

பெப்ரவரி 10, சனி

இரண்டடி ஆழம். சோடா மூடி முற்றாக நின்றுவிட்டது. இனிப் போத்தல் கண்ணாடி, மண்பானை ஓடு, லாடம். மேலே கிடந்த சன்னமும் இங்கே இல்லை. எந்தக் குப்பை எந்த ஆழத்தில் வருகிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன். காசில் ஆண்டு தேய்ந்து போயிருந்தாலும், பக்கத்தில் கிடக்கிற குப்பை அது எந்தக் காலம் என்று சொல்லிவிடும்.

இன்று ஒரு பிழை விட்டேன். அலுப்பில் மண்வெட்டியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டதில் டங் என்றது. 1944ஆம் ஆண்டு இரண்டு சதம். பூவிதழ் மாதிரி வளைந்த விளிம்பும், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும். அந்த விளிம்பில் ஓர் இதழ் வெட்டுப்பட்டு, வெட்டிய இடம் புதுப் பித்தளையாக மினுங்குகிறது. எண்பது வருடம் பழுதில்லாமல் கிடந்த காசு. இரவு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

பெரியம்மா அதைத் தன் சின்னப் பனையோலைக் கொட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். குப்பைக்குள் எப்படிக் காசு வந்தது என்று கேட்டேன். "விடிய எழும்பி முத்தம் கூட்டுறது ஆர்? நாங்கள்தானே. இருட்டுக்குள்ள மாவிலையோட மாவிலையா எல்லாம் கிடங்குக்குத்தான் போகும்" என்றார். இத்தனை வருடம் மண் கிளறிய எனக்கு இது தோன்றவில்லை. நாள்தோறும் கூட்டிய முற்றத்தில் காசு தங்காது. ஈர்க்குமாறு அதைக் கோடிக்குத் தள்ளிவிட்டிருக்கும். குப்பை மண் என்று ஒதுக்குகிற இடத்தில்தான் தேட வேண்டும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

வேலியோரம் மண் சரிந்த இடத்தில் வெடிக்காத துப்பாக்கி ரவை இரண்டு தெரிந்தன. தொடவில்லை. பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டுப் பொலிசுக்கு அறிவித்தேன். பின்னேரம் வந்து எடுத்துப் போனார்கள். இன்று வேறு வேலை செய்யவில்லை.

பெப்ரவரி 17, சனி

விக்டோரியா மகாராணியின் ஒரு சதம், 1870. மூன்றடியில், கரியும் சாம்பலும் கலந்த கறுத்த மண்ணில் கிடந்தது. ரூபாவும் சதமும் இலங்கையில் கணக்குக்கு வந்தது 1872இல். காசை அதற்கு முன்பே அடித்துவிட்டார்கள். ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் நடுவில் ஒரு மரம். முழுவதும் கரும்பச்சை பூத்திருக்கிறது.

கை கழுவிவிட்டு வருவதற்குள் பெரியம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்கு மினுக்குகிற கை அல்லவா! நல்லவேளை, தடுத்துவிட்டேன். அந்தப் பச்சைத் தோலில்தான் எழுத்து நிற்கிறது. புளி தோலைத் தின்றால் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் தள்ளினேன். முகத்தின் மூக்கு தெரிய ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

பெப்ரவரி 23, வெள்ளி, போயா (பௌர்ணமி)

குப்பை முடிந்து பச்சை மண் தொடங்குகிற இடம். கரண்டி நுனியில் சின்னதாக ஒரு வட்டம் தட்டுப்பட்டது. காந்தம் இழுக்கவில்லை. தூக்காமல், கிடந்த கிடையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஆங்கில வீ எழுத்தின் இரு கைகளிலும் ஓவும் சீயும். கீழே 17 என்பது மட்டும் தெரிந்தது, மற்ற இரண்டு இலக்கமும் தேய்ந்து விட்டன. ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னச் செப்புக் காசு, டொயிட்!

கை நடுங்கியது, உண்மை. யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் கையில் விழுந்து, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் சந்தையில் ஏதோ வாங்க ஒருவர் மடியில் முடிந்துகொண்டு போன செம்புக் காசு இது.

அதோடு வேலையை நிறுத்தினேன். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத்தான் தொல்பொருள் என்கிறது. விக்டோரியா காசு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், டொயிட் அந்தப் பக்கம். அறிவிக்காமல் வைத்திருக்கக் கூடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோது "கோவேத" என்று வாசிக்கப்பட்ட முத்திரை கிடைத்தது. அது புதைகுழியில் எலும்புக்கூட்டோடு கிடந்த இடத்திலேயே பிடிபட்டதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. யாரோ பொறுக்கிக் கடையில் விற்றிருந்தால் அது வெறும் பழைய துண்டு. பழங்கால ஊரான கந்தரோடையில் மழைக்குப் பிறகு பொறுக்கி, கைமாறிக் கைமாறிப் போன காசுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

படம் எடுத்து, நாலு மூலையிலும் தடி நட்டு, ஓலையால் மூடியிருக்கிறேன். கிராம சேவையாளருக்கும் தொலைபேசியில் சொல்லியாயிற்று.

பெப்ரவரி 27, செவ்வாய்

காலையில் தொல்பொருள் திணைக்களத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆழம் அளந்தார்கள். என் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தார்கள். காசுக்குப் பக்கத்தில் கிடந்த பானை ஓட்டையும் கரித்துண்டையும் தனித்தனிப் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். பெரியம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கொட்டைப்பெட்டியைத் திறந்து அந்த வெட்டுப்பட்ட இரண்டு சதத்தையும் காட்டினார். அது உங்களுடையதுதான் அம்மா, வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கழிவறைக் குழியைக் கிழக்கே பதினைந்து அடி தள்ளி வெட்டச் சொல்லியிருக்கிறேன். மேசன் முகம் சுளித்தார். பரவாயில்லை. அரிதட்டின் கம்பி இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. நாளைக்குச் சுன்னாகம் சந்தைப் பக்கம் போகும்போது புதிது வாங்க வேண்டும்.