சிறப்புப் பேருந்து எங்கிருந்து வருகிறது?

"பக்தர்களின் வசதிக்காகச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்" என்று செய்தித்தாளில் ஒரு பத்தி வரும். நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தப் பத்தி கிளம்புகிற மேசைகளில் ஒன்றில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிளைப் பணிமனை. 1990இல் கண்டக்டராகச் சேர்ந்து, எட்டு வருடம் பையை மாட்டிக்கொண்டு அலைந்துவிட்டு, முழங்கால் வலியைக் காட்டி ஆபீஸ் வேலைக்கு வந்தேன். ட்ராஃபிக் செக்‌ஷன். எந்த வண்டி எந்த ரூட்டுக்கு, யார் டிரைவர், யார் கண்டக்டர், யாருக்கு லீவு, எந்த ட்ரிப் கட் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

சிறப்புப் பேருந்து என்று தனியாக ஒரு வண்டி கிடையாது. பண்டிகைக்காக வாங்கி ஷெட்டில் மூடி வைத்திருப்பதாக யாராவது நினைத்தால் அது தவறு. கிளையில் நாற்பது ஷெட்யூல் ஓடினால் மூன்றோ நாலோ வண்டி ஸ்பேராக, மாற்றுக்கென்று இருக்கும். அதிலும் ஒன்று எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்கப் போயிருக்கும், இன்னொன்று கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டபடி கிடக்கும். மேலிடத்திலிருந்து "உங்கள் கிளை எட்டு வண்டி தரவேண்டும்" என்று வந்தால், அந்த எட்டும் ஏற்கெனவே யாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள்தான். எதை நிறுத்துவது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பேப்பரில் கூட்டல் மட்டும் வரும். கழித்தல் என் நோட்டில் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சீசன் பார்ப்பதற்கு ஒரு காலண்டர் போதாது. வேளாங்கண்ணி ஆங்கிலத் தேதி: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், எந்த வருடமும் மாறாது. ஆடிப்பெருக்கு தமிழ்த் தேதி. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் திதி. அன்றைக்கு வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் கடலில் முழுக ஜனம் போகும். நாகூர் தர்கா கந்தூரி விழாவுக்கு ஹிஜ்ரி காலண்டர். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையைப் பார்த்துக் கொடி ஏறும். வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நான் வேலைக்குச் சேர்ந்த 1990இல் கந்தூரி டிசம்பரில் வந்தது. வெயிலில், வைகாசியில், சம்பா நடவில் என்று எல்லாப் பருவத்தையும் சுற்றிவிட்டு, நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின டிசம்பரில், 2023இல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. என் சர்வீஸ் ஒரு முழுச் சுற்று என்று செக்‌ஷனில் சொல்லிச் சிரித்தோம். ரொம்ப நேரம் சிரிக்க முடியவில்லை. அதே இரண்டு வாரத்துக்குள் டிசம்பர் 20 அன்று திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி, அப்புறம் கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி, நடுவில் அரையாண்டு லீவு.

சனிப்பெயர்ச்சியில் இன்னொரு வேடிக்கை உண்டு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அந்தப் பெயர்ச்சி ஜனவரி 17ஆம் தேதியே வந்துவிட்டது, காணும் பொங்கலன்று. திருநள்ளாறு கோயில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். டிசம்பர்தான் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லியும் ஜனவரியிலேயே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. ஸ்பெஷல் போடும்படி உத்தரவு எதுவும் இல்லை, ஆனால் காரைக்கால் லைனில் படிக்கட்டு வரைக்கும் லோடு. டெப்போ ஆபீசில் பஞ்சாங்கம் எதற்கு என்று ஆடிட்டர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பஞ்சாங்கம் வேண்டும் சார் என்று அவரிடம் சொல்லவில்லை.

திருவிழாவை விட வயல்தான் எங்களை அதிகம் ஆட்டிவைத்தது. தை, மாசியில் சம்பா அறுப்பு. நெல்லைக் காயவைக்கக் களம் பத்தாமல் தார் ரோட்டில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். பங்குனி வந்தால் உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு, பஸ் ஏறி மிதிக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் இறங்கித் திட்டுவார், அவர்கள் சிரிப்பார்கள், வண்டி ஊர்ந்து போகும். நாற்பது நிமிட ரூட்டுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். கால அட்டவணையில் இதற்கு இடமில்லை. அதனால் தை பிறந்தால் சில ரூட்டுகளில் கடைசி ட்ரிப்பைப் பத்து நிமிடம் தள்ளி எடுக்கும்படி வாயால் சொல்லிவைப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலம் முழுகினால் சுற்றுவழி. அதற்குத் திட்டமெல்லாம் போட முடியாது. காலையில் முதல் வண்டி திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே எஃப்.சி. வேலையை முடிந்தவரை ஆடியில் தள்ளுவோம். ஆவணி பிறந்ததும் கல்யாணக் கூட்டம், அது ஓய்வதற்குள் வேளாங்கண்ணி.

வேளாங்கண்ணி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. காவி கட்டிக்கொண்டு நடந்தே வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். வரும்போது அவர்களுக்கு பஸ் வேண்டாம். ஆனால் நடந்து வந்தவர் நடந்தே திரும்புவதில்லை. போகிற கூட்டத்தை எண்ணி வண்டி போட்டால் செப்டம்பர் 7 இரவு பெரிய தேர் முடிந்ததும் மாட்டிக்கொள்வோம். கால் வீங்கியவர்களும் தூங்குகிற குழந்தைகளும் ஒரே நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள். அந்த ஓர் இரவுக்காகத்தான் எட்டு வண்டி.

வண்டியைக்கூடப் புரட்டிவிடலாம், ஆள்தான் கிடைக்காது. டிரைவருக்கும் தீபாவளி உண்டு. இதைச் சமாளித்தது நிர்வாகம் இல்லை, தொழிலாளர்கள்தான். எங்கள் கிளையில் இஸ்லாமியத் தோழர்கள் தீபாவளியன்று டியூட்டியைத் தாங்களே கேட்டு வாங்குவார்கள். ரம்ஜானுக்கு மற்றவர்கள் அவர்களுக்குப் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் ஆட்கள் பொங்கலுக்கு. கேன்டீன் பெஞ்சில் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து "எழுதிக்குங்க சார்" என்பார்கள். ஒருமுறை கந்தூரிப் பிறை ஒரு நாள் தள்ளிப்போய், சந்தனம் பூசும் இரவுக்கென்று நான் போட்டிருந்த ஆள்கணக்கு மொத்தமும் கவிழ்ந்தது. அன்று ராத்திரி டபுள் டியூட்டி பார்த்தவர்களில் பாதிப் பேர் கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தவர்கள்.

சரி, 1998க்கு வருகிறேன். செக்‌ஷனுக்கு வந்து மூன்று மாதம். வேளாங்கண்ணிக்கு எட்டு வண்டி கேட்டார்கள். கலெக்‌ஷன் ரிஜிஸ்டரை எடுத்தேன், வசூலில் கடைசியாக இருந்த எட்டை எண்ணினேன், அடித்தேன். ஐந்து நிமிட வேலை. மேலாளர் பாராட்டினார்.

அடித்த எட்டில் ஒன்று ஒரு கடைமடை ஊருக்குப் போகும் ஹால்ட் வண்டி. இரவு 8.40க்குக் கிளம்பி, அந்த ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் போய் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்து, காலை 5.10க்கு எடுப்பார்கள். என் தாளில் அது ஒரு கட். ஊரில் அது இரண்டு: ராத்திரி கடைசி வண்டி, காலையில் முதல் வண்டி. இதில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம், அந்த வண்டியில் இரண்டு வருடம் கண்டக்டராகப் போனவனே நான். 5.10க்கு யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். நடவுக்குப் போகிற பெண்கள், காலிக் கூடையோடு மீன் எடுக்கப் போகும் அம்மா, பால் கேனோடு ஒரு பையன். அந்த அம்மாவிடம் கூடைக்கு லக்கேஜ் போடாமல் விட்டதற்குச் செக்கிங்கில் ஒருமுறை மாட்டியும் இருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து மூன்றே மாதத்தில் அவர்கள் எல்லாரும் ஒரு வசூல் எண்ணாகிவிட்டார்கள்.

ஒன்பதாம் தேதி மத்தியானம் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து ஜன்னல் பக்கம் நின்றார். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது.

"தம்பி, நீங்க எங்க லைன்ல வந்தவருதானே?"

"ஆமாங்கய்யா."

"வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்கய்யா, வேளாங்கண்ணிக்கு ஸ்பெஷல் போயிருக்கு."

"கோயிலுக்குத்தானே, போகட்டும். ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா பொம்பளைங்க ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்க வேணாம்ல."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "எங்க வண்டிய எப்பத் தருவீங்க?" என்றார். இன்று இரவே வரும் என்றேன். தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார். எங்கள் வண்டி.

அடுத்த சீசனிலிருந்து ரிஜிஸ்டரை நான் கீழிருந்து பார்க்கவில்லை. மெயின் லைனில் கை வைத்தேன். நாகை - திருவாரூர் போன்ற ரூட்டில் ஒரு வண்டி போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். அங்கே ஒன்றைவிட்டு ஒன்றை எடுத்தால் ஜனம் கால் மணி நேரம் கூடுதலாக நிற்கும், திட்டும், ஏறிவிடும். ஹால்ட் வண்டி, ஊருக்கு ஒற்றை வண்டி, ஸ்கூல் நேரத்து வண்டி மூன்றையும் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "கறக்கிற மாட்ட வித்துட்டு மலட்டு மாட்டுக்குத் தீனி போடறியா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது, கி.மீட்டருக்கு எவ்வளவு வசூல் என்றுதான் அவரை மேலே கேட்பார்கள். கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லை இரண்டு நாளுக்கு எடுத்துப்போய், நிறுத்திய வண்டியின் கூட்டம் பின்னால் வந்த நம் வண்டியில்தான் ஏறியிருக்கிறது, காசு எங்கும் போகவில்லை என்று காட்டினேன். கொஞ்சம் பிரைவேட்காரனுக்குப் போயிருந்தது. அந்த வே பில்லை நான் எடுத்துப்போகவில்லை.

முழுக்கத் தப்பிக்க முடிந்ததா என்றால் இல்லை. 2016 மகாமகத்துக்குக் கும்பகோணத்துக்கு வண்டி திரட்டியபோது ஒற்றை வண்டி ஊர்களும் அடிபட்டன. என் சட்டமெல்லாம் அந்தப் பிப்ரவரியில் செல்லவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஸ்பெஷலும் இல்லை, ரெகுலரும் இல்லை. மரத்தை வெட்டி ரோடு திறந்த ஊருக்குத்தான் வண்டி. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்த பிறகு, கிராமத்து ட்ரிப்பைக் கலெக்‌ஷனை வைத்து எடைபோடுவது தானாகவே ஆட்டம் கண்டது. "எவ்வளவு காசு" என்று கேட்ட அதே நாற்காலி "எத்தனை பேர்" என்று கேட்க ஆரம்பித்தது. இருபது வருடமாக நான் வாதாடியதை ஒரு அரசாணை ஒரே நாளில் செய்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

1999இலிருந்து எழுதிய கட் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருந்தேன். தேதி, ரூட், நேரம், காரணம், அப்புறம் "யாரிடம் சொன்னது". டீக்கடை, ரேஷன் கடை, தலைமையாசிரியர், மாரியம்மன் கோயில் பூசாரி என்று இருக்கும். முதல் நாளே அந்த லைன் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவேன். போன் பரவலாக வந்த பிறகு நானே பேசினேன். 2024 மே மாதம் ஓய்வுபெறும்போது, எனக்கு அடுத்து வந்த பையனிடம் நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான். "சார், சிஸ்டத்துல இந்தக் கட்டம் இல்லையே, எங்க போடறது?" என்றான். ரிமார்க்ஸில் போடு என்றேன்.

அந்த செப்டம்பர் ஆறாம் தேதி எனக்கு ஒரு போன். அதே கடைமடை ஊர் டீக்கடை; அப்பா காலமாகி இப்போது மகன் நடத்துகிறார்.

"சார், நாளைக்கும் மறுநாளும் நைட் வண்டி உண்டுங்களா?"

நான் ரிட்டயராகி நாலு மாதம் ஆகிறது தம்பி என்றேன். அவரிடம் வேறு நம்பர் இல்லையாம். செக்‌ஷனுக்குப் போட்டு விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். ஏழாம் தேதி உண்டு, எட்டாம் தேதி அரை மணி நேரம் லேட்டாக வரும்.