ஜவ்வரிசிக் கஞ்சியில் அமைலேஸ்

நம்ம சேலத்து ஜவ்வரிசி என்பது மரவள்ளி மாவுச்சத்து. நொதி (என்சைம்) தான் உடைக்கும் பொருளை எப்படிப் பிடிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான சரக்கு கிடையாது.

அரை டீஸ்பூன் ஜவ்வரிசி மாவை 100 மி.லி. தண்ணீரில் தெளிந்து வரும்வரை காய்ச்சுங்கள். பச்சை மாவில் மாவுச்சத்தின் குளுக்கோஸ் சங்கிலிகள் இறுகிக் கிடப்பதால் நொதி சுலபத்தில் நுழையாது. 37 டிகிரிக்கு ஆறியதும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் எச்சில் (அருவருப்புப் படாதீங்க!). மாவுச்சத்தை உடைக்கும் நொதியான அமைலேஸ் எச்சிலில்தான் இருக்கிறது. அவ்வப்போது அதில் ஒரு சொட்டு எடுத்து டிங்சர் அயோடின் விட்டால், மாவுச்சத்து இருக்கும்வரை கருநீலம், அது உடைய உடைய செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் மஞ்சள்.

அமைலேசில் நீளமாக ஒரு பள்ளம் உண்டு. சங்கிலியின் சில குளுக்கோஸ் அலகுகள் அதில் படிந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் நிற்கும். 1894-ல் வேதியியலாளர் ஃபிஷர் சொன்ன பூட்டு-சாவி (நொதி பூட்டு, பொருள் சாவி) பாதிக் கதைதான். சாவி நுழையும்போது பூட்டும் வளைகிறது என்றார் கோஷ்லண்ட், 1958-ல். பஞ்சும் குளுக்கோஸ் சங்கிலியே, ஆனால் பிணைப்பின் திசை வேறு; பள்ளத்தில் பொருந்தாது.

நிறம் மாறவே இல்லையா? கொதிக்கும் கஞ்சியில் எச்சில் பட்டு நொதி உருக்குலைந்திருக்கும். அமிலத்தில் நொதி என்ன ஆகிறது என்று பார்க்க வினிகர் போதும். எலுமிச்சை வேண்டாம்: அதிலுள்ள வைட்டமின் சி அயோடினையே வெளுத்துவிடும், நொதி வேலை செய்ததாக ஏமாந்துபோவீர்கள்.