தங்கப் பூவை விற்றால் எவ்வளவு வரும்?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு. அதை ஆடுகிறவர்களின் கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் விவரத் தாளை, வாங்கிப் பாருங்கள். எங்கேயாவது ஒரு மூலையில் பென்சிலில் ஒரு பட்டம் எழுதியிருக்கும். எப்போது கிடைத்தது என்று கேட்டால் யோசிப்பார்கள். அதை வைத்து என்ன செய்தாய் என்று கேட்டால் சிரிப்பார்கள். பட்டம் கொடுத்த செஷனில் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பட்டத்தைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், கதையை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) உட்பட.

நான் கே.கே. நகரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கேம்பைன், அதாவது வாராவாரம் தொடரும் கதை, நடத்துகிறேன். ஆடுகிறவர்கள் ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், என் சித்தி பையன், அவனோடு காலேஜில் படித்த ஒரு பெண். கதை நடக்கும் இடம் சோழர் காலத்துத் துறைமுகம் மாதிரி ஒரு கற்பனை ஊர். ஆரம்பத்தில் பட்டம், புகழ் எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் இருக்கிற விதியையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் ‘ரினௌன்’ (புகழ்) என்று ஒரு எண் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கும். கதைக்குள் உங்கள் பாத்திரம் சேர்ந்திருக்கும் குழுவுக்குப் பொதுவாக நல்லது செய்தால் 1, குழுவே கொடுத்த வேலையை முடித்தால் 2. 1, 3, 10, 25, 50 என்று ஐந்து படிகள். ஹார்ப்பர்ஸ் குழுவில் சேர்ந்தால் வாட்ச்சரில் ஆரம்பித்து ஹார்ப்ஷாடோ, பிரைட்கேண்டில், வைஸ் ஆவ்ல் என்று ஏறி ஹை ஹார்ப்பர் ஆகலாம். ஜென்டாரிம் குழுவில் ஃபாங்கிலிருந்து ட்ரெட் லார்ட் வரை. பெயர்கள் என்னவோ அருமைதான்.

சாகசத்துக்குப் போகாமல் ஊரிலேயே இருந்துகொண்டு குழுவின் சில்லறை வேலைகளைச் செய்தும் ரினௌனை ஏற்றலாம். ஒரு புள்ளி ஏற, இப்போதிருக்கும் ரினௌனைப் பத்தால் பெருக்கினால் வரும் அத்தனை நாட்கள் உழைக்க வேண்டும். ஆடிட்டர் விடுவாரா? பஜ்ஜி சாப்பிட்ட கையோடு கால்குலேட்டரை எடுத்தார். 10-லிருந்து 25-க்கு இந்த வழியில் மட்டும் போனால் 2,550 நாட்கள், கிட்டத்தட்ட ஏழு வருஷம். “இதுக்கு நான் ஆபீஸ்லயே இருந்துடுவேனே சார், இன்கிரிமென்டாவது வரும்” என்றார்.

எனக்கு அந்த நாள் கணக்கு பெரிய பிரச்சினையாகப் படவில்லை. பட்டம் ஒரு எண்ணின் நிழலாக மட்டும் இருப்பதுதான் இடித்தது. எண் ஏறுகிறது, பெயர் மாறுகிறது, உலகம் அப்படியே இருக்கிறது.

பழைய பதிப்புகளில் இதைவிட மோசமான வழக்கமும் உண்டு, மிகச் சிறந்த ஒன்றும் உண்டு. 1974-இல் வந்த முதல் டி அண்ட் டியில் லெவல் ஏறினாலே பெயர் மாறிவிடும். சண்டைக்காரன் நான்காம் லெவலில் ஹீரோ, எட்டில் சூப்பர் ஹீரோ, ஒன்பதில் லார்ட். யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் 1978-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் மாங்க் என்ற துறவிப் பாத்திர வகையைப் பாருங்கள். உச்சிப் பட்டம் ‘கிராண்ட் மாஸ்டர் ஆஃப் ஃபிளவர்ஸ்’. உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அந்தப் பெயர். வேண்டுமானால் இப்போது வைத்திருப்பவரைத் தேடிப்போய் வெறும் கையால் சண்டையிட்டு ஜெயிக்க வேண்டும். ஜெயித்த பிறகு உங்களைத் தேடி இன்னொருவன் கிளம்புவான். இதைப் பட்டம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கதைக்கு இதற்குமேல் தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று நிஜமாகவே வணிகக் குழுக்கள் இருந்திருக்கின்றன. சுமத்ராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. விளையாட்டுக் குழுக்களைப் பற்றிய எந்தப் புத்தகம் இதற்கு ஈடு? பரிசுகளுக்கும் பஞ்சமில்லை. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவி வர்மன் யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்டில் அஞ்சுவண்ணத்தோடு எழுபத்திரண்டு உரிமைகள் தரப்படுகின்றன. பகலில் விளக்கு, நடக்க விரிக்கும் துணி, பல்லக்கு, குடை, பறை என்று சில பெயர் சொல்லியே வருகின்றன. அப்புறம் சுங்கமும் எடைக்கூலியும் கிடையாது. வழக்கமான +1 மந்திர வாளைவிட இது எவ்வளவு சுவாரசியம்!

பகல் விளக்கு உரிமையை ஆடிட்டரின் கேரக்டருக்குக் கொடுத்தேன். அவர் ரோக். பதுங்கிப் போவதுதான் பிழைப்பு. இனி ஊருக்குள் எங்கே போனாலும் பட்டப்பகலில் ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். வேண்டாமென்றால் கொடுத்த அரசனுக்கு அவமானம். பதுங்குவதற்காக ஸ்டெல்த் பகடை உருட்டும்போதெல்லாம் “விளக்குக்காரன் எங்க சார்?” என்று பல் டாக்டர் கேட்பார்.

சித்தி பையனின் கேரக்டர் ஒரு பார்ட் (பாணன்). கப்பல் வணிகர்களைக் கொள்ளையரிடமிருந்து மீட்டதற்கு, அந்தக் காலத்தில் வணிகர்களுக்குக் கொடுத்த எட்டிப் பட்டம் பெற்றான். பழைய உரைகளில் படைத்தலைவருக்கான ஏனாதிப் பட்டத்துக்கு மோதிரம், எட்டிக்குத் தங்கப் பூ, கூடவே நிலம் என்று வரும். நானும் பூவைக் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் நாட்டிய நகை விற்கும் கடையில் ஒரு ராக்கொடி வாங்கினேன். கடைக்கார அம்மா, “பொண்ணுக்கு அரங்கேற்றமா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், விளக்கிச் சொல்ல எங்கே நேரம்.

பூவைக் கையில் வாங்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, இதை வித்தா எவ்வளவு வரும்?”

கதைக்குள் இருக்கும் தட்டானிடம் போய்க் கேள் என்றேன். போனான், அடகும் வைத்தான். சாதாரணக் கருத்து வேறுபாட்டுக்கு ரினௌன் குறையாது, பெரிய குற்றம் செய்தால் குறையும் என்பது புத்தக விதி. நான் எண்ணைத் தொடவே இல்லை. அடுத்த செஷனில் வணிகர் சபைக்குப் போனபோது, அதுவரை “வாங்க எட்டியாரே” என்று எழுந்து நின்ற கிழவர், உட்கார்ந்தபடியே அவன் கேரக்டரின் பெயரைச் சொல்லி “என்னப்பா வேணும்?” என்றார். அவ்வளவுதான். பையன் முகம் சுருங்கிவிட்டது. டிராகன் நெருப்பில் பாதி எச்.பி. (உயிர்ப்புள்ளி) போனபோதுகூட அப்படி ஆனதில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு வழக்கம் பிடிபட்டது. பட்டம் கொடுத்த அடுத்த செஷனிலேயே இரண்டு பேரையாவது அதைச் சொல்ல வைக்கிறேன்: ஒருவர் மரியாதையாக, இன்னொருவர் வெறுப்பாக. சுங்கச்சாவடிக் காவலன் வழிவிடுவான், மணிக்கிராமத்துக்காரன் காறித் துப்புவான். கூடவே ஒரு கடமையும் வரும். சபை கூடும் நாளில் எட்டி அங்கே இருந்தாக வேண்டும். அது பெரும்பாலும் குகைக்குக் கிளம்பும் நாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன், அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எதிரிகள் விஷயத்தில் பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு விளையாட்டிடமிருந்து கடன் வாங்கினேன். அங்கே ஒவ்வொரு குழுவோடும் உறவு -3 முதல் +3 வரை. -3 என்றால் போர், வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு ஓய்வுச் செயல்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும். பகை நேரத்தைத் தின்னும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் மேசையில் ஐந்நூற்றுவரிடம் ஒரு படி ஏறினால் மணிக்கிராமத்திடம் ஒரு படி இறங்கும். சரித்திரத்தில் இவர்களுக்குள் பகை என்று நான் சொல்ல வரவில்லை, இது என் கதைக்காக. இந்தக் கணக்கு என் நோட்டில் மட்டும் இருக்கும், ஆட்டக்காரர்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, பூ என்னாயிற்று? மீட்கப் போனார்கள், தட்டான் அதை விற்றுவிட்டிருந்தான். நான் வேலை மெனக்கெட்டு வரைந்து வைத்திருந்த மூன்று மாடிக் குகையை அம்போ என்று விட்டுவிட்டு அதன் பின்னாலேயே அலைகிறார்கள். பூ வைத்திருப்பவனிடம் சாவடியில் யாரும் சுங்கம் கேட்பதில்லை. யாரோ ஒருவன் அதைத் தலையில் சூடிக்கொண்டு, எட்டி என்று சொல்லிக்கொண்டு, இவன் பெயரில் ஊர் ஊராகக் கடன் வாங்குகிறான். வருகிற ஞாயிறு அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் முதல் ஆள் வந்து கதவைத் தட்டுவார். ஆடிட்டர் வட்டி விகிதம் கேட்பார், அதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.