வலியைத் தாங்குவதுதான் விசுவாசமா?

எங்கள் வலி நிவாரண வார்டில் மார்ஃபின் மாத்திரையை நீட்டினால், "வேண்டாம் சிஸ்டர், ஆண்டவர் சிலுவையில பட்ட பாட்டுக்கு முன்னால இது எம்மாத்திரம்?" என்று கையைத் தள்ளிவிடுகிற விசுவாசிகளை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் மனசு கேட்பதில்லை.

அவர்கள் சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறது. கொல்கொதாவில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தபோது இயேசு ஏற்றுக்கொள்ளவில்லை என்கிறது மாற்கு 15:23. வலியை மரத்துப்போகச் செய்யும் பானம் அது என்றே பலரும் விளக்குகிறார்கள். ஆனால் அந்தப் பாத்திரம் அவருடையது. நமக்காக அவர் குடித்துத் தீர்த்ததை, எலும்பு வரை புற்றுநோய் பரவிப் படுத்திருக்கும் ஒரு அம்மா மறுபடியும் குடித்துக் காட்ட வேண்டும் என்று அவர் எங்கே கேட்டார்? அதே சிலுவையில் கடைசி நேரத்தில் "தாகமாயிருக்கிறேன்" என்றார். கொடுத்த காடியை வாங்கிக்கொண்டார். யோவான் 19-ஐ வாசிக்கும்போதெல்லாம் நான் அங்கேதான் நின்றுவிடுகிறேன். தேவகுமாரனே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்; நோயாளி கேட்பதில் என்ன குறை? நல்ல சமாரியனும் அடிபட்டவனிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான்.

வசனத்துக்குப் பின்னால் பல சமயம் வேறொரு பயமும் இருக்கும். மார்ஃபின் என்றால் கதை முடிந்தது, அடிமையாகிவிடுவோம், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற பயம். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கான மருந்துமுறையைப் படிப்படியாக வகுத்து, கடுமையான வலிக்கு மார்ஃபினைச் சொன்னது. குறைந்த அளவில் ஆரம்பித்து, வலியைக் கேட்டுக் கேட்டுத்தான் கூட்டுவோம். சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் 4 மணி நேரத்துக்கு ஒன்று, வலி திரும்பி வருவதற்கு முன்பே. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு. முறையாகக் கொடுத்தால் ஆயுசைக் குறைக்காது. இதைச் சொல்ல வீட்டாரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பிடிவாதமாக மறுத்துவந்தார். ஒரு ராத்திரி அவரே சொன்னார்: "ஜெபமே வரல சிஸ்டர். ஐயோன்னுதான் வருது. இருபத்துமூணாம் சங்கீதம்கூட பள்ளத்தாக்கைத் தாண்ட மாட்டேங்குது." அந்த ஐயோவும் ஜெபம்தான் என்றேன்; வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்கிறதே. அப்புறம் அவருடைய போதகரும் வந்து பேசினார். மாத்திரை எடுத்துக்கொண்டார்.

ஓரிரு நாளில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தன் அடக்க ஆராதனைக்கான பாட்டுகளை மகளிடம் எழுதச் சொன்னார். ஒரு பாட்டை மகள் "அது ரொம்ப நீளம்மா" என்றதும், எல்லாச் சரணமும் பாடியே ஆகவேண்டும் என்று சண்டை பிடித்தார்.